கீரிப்பிள்ளை வேல்ஸ் போன கதை: ஒப்பிலக்கியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஏ. படிப்பில் ஒப்பிலக்கியம் ஒரு தாளாக வந்து நிற்கும்போது பலருக்கும் ஒரே மாதிரி சந்தேகங்கள் வருகின்றன. பாடத்துக்காக இல்லாமல் ஆசையினால் உலக இலக்கியம் வாசிக்கிறவர்களும் கிட்டத்தட்ட அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில் அவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒப்பிலக்கியம் என்றால் சரியாக என்ன?

வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு பண்பாடுகளில் பிறந்த இலக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. அப்படி வைக்கும்போது தனியாகப் படித்தால் கண்ணில் படாத ஒன்று தெரிய வேண்டும். அது தெரியவில்லை என்றால் அங்கே இரண்டு நூல்களின் சுருக்கம்தான் இருக்கிறது, ஒப்பீடு நடக்கவில்லை. சிலர் ஒப்பியல் இலக்கியம் என்றும் சொல்வார்கள். ஈழத் தமிழ் அறிஞர் க. கைலாசபதி 1969இல் எழுதிய நூலுக்கு அந்தப் பெயர்தான் வைத்தார்.

இந்தப் படிப்பு எங்கே தொடங்கியது?

ஒரு இடத்தைக் கைகாட்ட முடியாது. ஆனால் எல்லோரும் சொல்லும் ஒரு நாள் உண்டு: 1827 ஜனவரி 31. அன்று ஜெர்மானியக் கவிஞர் கதே தன் உதவியாளர் எக்கர்மனிடம், தான் ஒரு சீன நாவல் படித்துக்கொண்டிருப்பதைச் சொல்கிறார். தேசிய இலக்கியம் என்ற பேச்சுக்கு இனி பெரிய அர்த்தமில்லை, உலக இலக்கியத்தின் காலம் நெருங்குகிறது என்கிறார். அந்த மனநிலை ஒரே நாளில் வந்ததில்லை. காளிதாசனின் சாகுந்தலத்தை வில்லியம் ஜோன்ஸ் 1789இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதைப் பார்த்து ஜார்ஜ் ஃபோர்ஸ்டர் 1791இல் ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். அதைப் படித்து மயங்கிப்போய் கதே ஒரு பாடலே எழுதினார். அப்புறம் ஹாஃபிஸின் பாரசீகக் கவிதைகளைப் படித்துவிட்டு 1819இல் ஒரு முழுத் தொகுப்பு வெளியிட்டார். உலக இலக்கியம் என்ற சொல் அவர் வாயில் வருவதற்கு முன்பே இந்தியாவும் பாரசீகமும் அவர் மேசைக்கு வந்துவிட்டன.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பேராசிரியராக இருந்த அயர்லாந்துக்காரர் போஸ்னெட், 1886இல் இந்தத் துறையின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதினார். இந்தியாவில் 1907ஆம் ஆண்டு முக்கியமானது. கல்கத்தாவில் தேசியக் கல்விக் கழகம் இந்தப் பொருளில் பேச தாகூரை அழைத்தது. அவர் ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு ‘விஸ்வ சாகித்ய’ என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அதே கழகம்தான் பின்னால் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1956இல் கவிஞர் புத்ததேவ போஸ் அங்கே இந்தியாவின் முதல் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கினார்.

ஒரு கதை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கீரிப்பிள்ளை கதையை எடுத்துக்கொள்வோம். குழந்தையைக் காவல் காத்த கீரி, பாம்பைக் கொன்றுவிட்டு வாயில் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடிவருகிறது. குழந்தையைக் கடித்துவிட்டது என்று நினைத்துக் கீரியைக் கொன்றுவிடுகிறார்கள். உள்ளே போனால் குழந்தை தொட்டிலில் சிரிக்கிறது.

இது பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் பாரசீக அரசன் குஸ்ரோ காலத்தில் புர்ஸோய் என்ற மருத்துவர் பஞ்சதந்திரத்தை அன்றைய பாரசீக மொழியான பஹ்லவிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து சிரியாக் மொழிக்கு ஒரு கிளை போனது. 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அதை அரபியில் ‘கலீலா வ திம்னா’ என்று எழுதினார். தலைப்பைக் கவனியுங்கள்: கலீலாவும் திம்னாவும் நம் கதையில் வரும் கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகள்தான். அரபியிலிருந்து எபிரேயம், லத்தீன், ஸ்பானியம், ஜெர்மன், இத்தாலி என்று போய், 1570இல் தாமஸ் நார்த் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நூல் சான்று இருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் தியோடர் பென்ஃபை 1859இல் இந்தப் பாதையை விரிவாக எழுதினார்.

சரி, வழியில் கீரி என்ன ஆயிற்று? ஐரோப்பாவில் வீட்டில் கீரி வளர்ப்பவர்கள் இல்லை. அதனால் அது நாயாகிவிட்டது. பிரான்சில் லியோன் நகரத்துக்குப் பக்கத்தில், 13ஆம் நூற்றாண்டில் எத்தியென் த பூர்போன் என்ற டொமினிக்கன் துறவி ஒரு விநோதத்தைப் பார்த்தார். பாம்பிடமிருந்து குழந்தையைக் காத்து, தவறாகக் கொல்லப்பட்ட கின்ஃபோர் என்ற வேட்டைநாயைப் புனிதர் என்று கும்பிட்டு, தாய்மார்கள் நோயாளிக் குழந்தைகளை அதன் புதைகுழிக்குத் தூக்கிவந்தார்கள். அவர் எலும்புகளைத் தோண்டி எரிக்கச் சொன்னார். அப்படியும் அந்த வழிபாடு பல நூற்றாண்டுகள் நீடித்தது என்பதை வரலாற்றாசிரியர் ழான் குளோத் ஷ்மித் 1979இல் எழுதிய நூலில் காட்டினார்.

வேல்ஸில் பெட்கெலர்ட் என்று ஒரு ஊர். இளவரசன் லெவலின் தன் நாய் கெலர்ட்டைத் தவறாகக் கொன்றான் என்று அங்கே ஒரு கல்லறையே காட்டுகிறார்கள். அங்கே பாம்பு ஓநாயாக மாறிவிட்டது. அந்தக் கல்லறை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பயணிகளை ஈர்க்க உள்ளூர் விடுதிக்காரர் ஏற்படுத்தியது என்கிறார்கள். ஆனாலும் அதன் முன்னால் நின்று கண் கலங்குபவர்கள் கலங்குகிறார்கள். அந்தக் கண்ணீரை நான் பொய் என்று சொல்லமாட்டேன்.

இப்போது தமிழுக்கு வாருங்கள். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடல மறையோன் கோவலனின் நல்ல செயல்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது, ‘பிள்ளை நகுலம் பெரும்பிறி தாக’ என்று ஒரு அடி வரும். நகுலம் என்றால் கீரி, பெரும்பிறிது என்றால் சாவு. கீரியைக் கொன்ற பெண்ணை விட்டுவிட்டுக் கணவன் வடதிசைக்குப் போகிறான். போகும்போது வடமொழி வாசகம் எழுதிய ஓர் ஏட்டைக் கொடுத்து, கடன் அறிந்த மாந்தர் கையில் கொடு என்கிறான். அவள் அந்த ஏட்டோடு தெருத்தெருவாக நடக்கிறாள். கோவலன் அவளைக் கூப்பிட்டு விசாரித்து, பாவம் தீரத் தானம் செய்து, போன கணவனையும் திரும்ப அழைத்துவந்து குடும்பத்தைச் சேர்த்துவைக்கிறான்.

மற்ற இடங்களில் எல்லாம் கதை கொன்றவரின் அழுகையோடு முடிகிறது. இளங்கோ அந்த அழுகைக்கு மறுநாளிலிருந்து தொடங்குகிறார். அவசரப்பட்டுக் கொன்றுவிட்ட ஒருத்தி அப்புறம் எப்படி வாழ்வது என்று அவர் கேட்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. விசாரிக்காமல் கொன்ற பாவத்தைத் தீர்த்துவைத்த இதே கோவலன், அடுத்து மதுரையில் விசாரணை இல்லாமல் கொல்லப்படப் போகிறான். இதைச் சிலப்பதிகாரத்தை மட்டும் பலமுறை படித்தபோது நான் கவனிக்கவே இல்லை. லியோன் நாயைப் பற்றிப் படித்த பிறகுதான் திரும்பிவந்து பார்த்தேன்.

தொடர்பே இல்லாத இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி கவிதை இருந்தால்?

அதுவும் ஒப்பிலக்கியத்தின் வேலைதான். பழைய பிரெஞ்சு ஆய்வாளர்கள் பெரும்பாலும் யார் யாரைப் படித்தார் என்ற தொடர்பைத் தேடினார்கள். 1950களிலிருந்து அமெரிக்காவில் இருந்த ரெனே வெலெக் போன்றவர்கள், அந்தக் கணக்கு மட்டும் பார்த்தால் இலக்கியம் கைநழுவிவிடும் என்று எதிர்த்தார்கள். தொடர்பு இல்லாவிட்டாலும் ஒப்பிடலாம் என்ற வழி அப்படி வலுப்பெற்றது.

ஒரு எடுத்துக்காட்டு. குறுந்தொகை 157, அள்ளூர் நன்முல்லையார் பாடியது:

குக்கூ என்றது கோழி; அதனெதிர்
துட்கென் றன்றுஎன் தூஉ நெஞ்சம்
தோள்தோய் காதலர்ப் பிரிக்கும்
வாள்போல் வைகறை வந்தன்றால் எனவே.

விடியல் வாளாக வந்து இருவரையும் வெட்டிப் பிரிக்கிறது. இதைப் படித்துவிட்டு, 1200ஐ ஒட்டி வாழ்ந்த ஜெர்மானியக் கவிஞர் வுல்ஃப்ராம் ஃபான் எஷன்பாக்கின் விடியல் பாட்டுக்குப் போங்கள். பகல் ஒரு பறவையைப் போலத் தன் நகங்களை மேகங்களுக்குள் பாய்ச்சிவிட்டது என்று அது தொடங்குகிறது. தெற்குப் பிரான்சில் இந்த வகைப் பாட்டுக்கு ஆல்பா என்றே பெயர். ரகசியக் காதலர்களை எழுப்ப ஒரு காவல்காரன் குரல் கொடுப்பான். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில், கூவியது நைட்டிங்கேல்தான், வானம்பாடி இல்லை, இன்னும் விடியவில்லை என்று ஜூலியட் சாதிப்பாள். சீனத்தின் பழம்பாடல் தொகுப்பான ஷிஜிங்கில் இருக்கும் 305 பாடல்களில் ஒன்றில், கோழி கூவிவிட்டது என்று ஒரு குரல் எழுப்ப, இல்லை, அது நீல ஈக்களின் சத்தம் என்று மறு குரல் மழுப்பும். ஷேக்ஸ்பியருக்கு அந்தச் சீனப் பாட்டு தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. எழுந்து போக மனம் வராதவர்கள் எல்லா ஊரிலும் பறவையின் மேல்தான் பழி போடுகிறார்கள்.

இங்கேயே நிறுத்திவிட்டால் அது பாதிப் படிப்பு. யார், ஏன் பிரிகிறார்கள் என்று பாருங்கள். ஆல்பாவில் காதல் ரகசியம். ஊர் பார்த்துவிடும் என்ற பயம். சீனப் பாட்டில் அவன் அரசவைக்குப் போக வேண்டும், கடமை கூப்பிடுகிறது. நம் பாட்டுக்குக் கீழே இருக்கும் குறிப்போ ‘பூப்பெய்திய தலைமகள் உரைத்தது’ என்கிறது. திணை மருதம். மாதவிலக்கினால் தலைவனைத் தொடாமல் விலகியிருக்க வேண்டிய நாட்கள் வந்துவிட்டன என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அவள் திருமணமானவள், தன் வீட்டில் இருப்பவள். வாள் ஊரிலிருந்தோ அரசனிடமிருந்தோ வரவில்லை. அவள் உடம்பின் கணக்கிலிருந்து வருகிறது. மொழிபெயர்ப்பில் நான்கு அடியை மட்டும் படிக்கிற வெளிநாட்டு வாசகர் இதையும் ரகசியக் காதல் என்றே எடுத்துக்கொள்வார். குறிப்பு தொகுத்தவர்கள் சேர்த்தது, பாட்டு அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று நீங்கள் வாதாடலாம். அந்த வாதமும் நல்ல ஆய்வுதான். குறிப்பைப் பார்க்காமலே எழுதுவதுதான் தப்பு.

கம்பன் பெரியவனா, மில்டன் பெரியவனா?

இந்தக் கேள்வியை நான் மதிப்போடுதான் அணுகுகிறேன், ஏனென்றால் வ.வே.சு. ஐயர் அதைக் கேட்டிருக்கிறார். கம்பனை ஹோமர், வர்ஜில், தாந்தே, மில்டன் ஆகியோருக்குப் பக்கத்தில் நிறுத்தி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், நம் கவி யாருக்கும் குறைந்தவன் இல்லை என்று சொல்ல வேண்டிய அவசியம் இருந்தது. அந்த நூலில் அவர் பாடல்களை நெருங்கிப் படிக்கும் விதம் இன்றைக்கும் பாடம்.

ஆனால் நாம் அந்தக் கட்டாயத்தில் இல்லை. கைலாசபதி வேறு வழி போனார். யூகோஸ்லாவியாவில் எழுத்தறியாப் பாடகர்களைப் பதிவு செய்து, ஹோமர் வாய்மொழி மரபில் வந்தவர் என்று மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் காட்டியிருந்தார்கள். அதே கேள்வியைப் புறநானூற்றிடம் கேட்டார் கைலாசபதி. பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த அந்த ஆய்வு 1968இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்தது. அவர் முடிவை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் பாணர் எப்படிப் பாடினார், ஏன் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது என்று அதற்குப் பிறகு எல்லோரும் யோசிக்க வேண்டியதாயிற்று. மதிப்பெண் போடும் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். இப்படிப்பட்ட கேள்வி மேலே மேலே போகும்.

எத்தனை மொழி தெரிந்திருக்க வேண்டும்?

1877இல் இன்றைய ருமேனியாவில் இருக்கும் க்ளூஜ் நகரத்தில் ஹியூகோ மெல்ட்ஸல் என்பவர் ஒரு ஒப்பிலக்கிய இதழ் தொடங்கியபோது பத்து மொழிகளை வைத்துத் திட்டம் போட்டார். பயந்துவிட வேண்டாம். தமிழில் ஆழம், இன்னொரு மொழியில் மூலத்தைப் படிக்கும் அளவு பழக்கம், மற்றவற்றுக்கு நல்ல மொழிபெயர்ப்பு. இது போதும். அந்த இன்னொரு மொழி ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ சௌராஷ்டிரமோ பேசுகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அந்தச் சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு இரண்டாவது மொழி சரியாக வராது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு மனசு வலிக்கும்.

மொழிபெயர்ப்பில் படித்தால் மூலம் கெட்டுப்போகாதா?

மாறும். அந்த மாற்றமே நமக்குச் சான்று. எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1859இல் உமர் கய்யாமை ஆங்கிலத்தில் தந்தார். மரக்கிளை நிழல், ரொட்டி, மது, ஒரு கவிதைப் புத்தகம், பக்கத்தில் நீ. அதைத் தமிழாக்கிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘கையிற் கம்பன் கவியுண்டு, கலசம் நிறைய மதுவுண்டு’ என்றார். ரொட்டி காணாமல் போனது. பெயரில்லாத புத்தகம் கம்பராமாயணம் ஆனது. மூலத்தில் இல்லாத தென்றல் வீசத் தொடங்கியது. பாரசீகத்தைத் தேடுகிறவருக்கு இது ஏமாற்றம். ஒரு தமிழ்க் கவிஞருக்கு எது இருந்தால் சொர்க்கம் என்று தேடுகிறவருக்கு இது புதையல். என்ன தேடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு மொழிபெயர்ப்பைத் திறக்க வேண்டும். முடிந்தால் ஒரே நூலுக்கு இரண்டு மொழிபெயர்ப்புகளை வைத்துப் படியுங்கள். அவை முரண்படும் இடத்தில் மூலத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஆய்வுக்குத் தலைப்பு எப்படித் தேர்ந்தெடுப்பது?

‘பாரதியும் ஷெல்லியும்’ மாதிரி அகலமான தலைப்பை விடுங்கள். பாரதி ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் என்பது உண்மை. ஆனால் இருவரும் விடுதலையைப் பாடினர், இருவரும் இயற்கையைப் பாடினர் என்று இருநூறு பக்கம் எழுதினால் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது. விடுதலையைப் பாடாத கவிஞர் யார்?

சின்னதாக எடுங்கள். 1916இல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்கத்தாவிலிருந்து வந்த மாடர்ன் ரிவ்யூ பத்திரிகையில் யோனே நோகுச்சி எழுதியதைப் படித்துவிட்டு எழுதியது. சொல்லைச் சுருக்கும் ஜப்பானிய வழி அவரை ஈர்க்கிறது. உடனே குறளை நினைத்துக்கொள்கிறார். புதுச்சேரியில் இருந்த ஒரு தமிழ்க் கவிஞருக்குக் கல்கத்தாவின் ஆங்கிலப் பத்திரிகை வழியாக ஜப்பான் வந்து சேர்ந்த அந்த ஒரு வழியை மட்டும் பின்தொடர்ந்தாலே நல்ல ஆய்வு கிடைக்கும். பத்திரிகை, தேதி, கட்டுரை எல்லாம் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியவை.

கதை, கவிதை மட்டும்தான் ஒப்பிட வேண்டுமா?

இலக்கணத்தையும் ஒப்பிடலாம். காஞ்சிபுரத்தில் பல்லவர் காலத்தில் வாழ்ந்த தண்டி எழுதிய காவ்யாதர்சம், கன்னடத்தில் கவிராஜமார்க்கத்துக்கும் சிங்களத்தில் சியபஸ்லகரவுக்கும் தமிழில் தண்டியலங்காரத்துக்கும் வழிகாட்டியது. 13ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழிக்கும் போனது. ஒரே நூல், அவரவர் மொழிக்கு எது அழகு என்று ஒவ்வொருவரும் வேறு வேறு முடிவுக்கு வந்தார்கள். இதில் செய்யப்படாமல் கிடக்கும் வேலை நிறைய.

கோட்பாட்டு நூல்களை எப்போது படிப்பது?

இரண்டு மூன்று ஒப்பீடுகளை நீங்களே செய்து பார்த்த பிறகு. முதலில் படிக்க ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் எரிக் அவர்பாக்கின் ‘மிமீசிஸ்’. நாஜிகளால் வேலை இழந்து இஸ்தான்புல் போன அந்த யூதப் பேராசிரியர், போர் நடந்துகொண்டிருந்த 1942க்கும் 1945க்கும் இடையில், வேண்டிய நூலகம் கையில் இல்லாமல் அதை எழுதினார். முதல் இயலில் ஒடிசியஸின் காலில் இருக்கும் தழும்பையும், மகனைப் பலிகொடுக்க மலையேறும் ஆபிரகாமையும் எதிரெதிரே வைக்கிறார். ஹோமர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைக்கிறார். பைபிள் பெரும்பகுதியை இருட்டில் விடுகிறது. அந்த ஒரு இயல் போதும், ஒப்பீடு என்ன செய்யும் என்று புரிந்துவிடும். அதற்கப்புறம் டேவிட் டாம்ராஷ், காயத்ரி ஸ்பிவாக் இருவரும் 2003இல் எழுதிய நூல்களுக்குப் போகலாம். உலக நாவல்களைத் தூரத்திலிருந்து மொத்தமாகப் பார்க்கச் சொல்லும் ஃபிராங்கோ மொரெட்டியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நெருங்கிப் படிக்கும் பழக்கம் வராதவர்கள் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எங்கே படிக்கலாம்? வேலை கிடைக்குமா?

ஜாதவ்பூர், ஹைதராபாத் பல்கலைக்கழகம் இரண்டிலும் ஒப்பிலக்கியத்துக்குத் தனியிடம் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் தமிழ் அல்லது ஆங்கில முதுகலைக்குள் ஒரு தாளாக வருகிறது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான யுஜிசி நெட் தகுதித் தேர்வில் இது தனிப்பாடம். வேலை என்றால் கற்பித்தல், மொழிபெயர்ப்பு, பதிப்பகம். உடனே பெரிய சம்பளம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கல்லூரியில் சேராமல் வீட்டிலேயே தொடங்க முடியுமா?

தாராளமாக. பழந்தமிழ் நூல்களின் மூலம் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடைக்கலக் காதையை எடுத்துக் கீரி வரும் பகுதியை உரையோடு படியுங்கள். பஞ்சதந்திரத்தில் அதே கதையைப் படியுங்கள். ஒரு நோட்டில் நான்கு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: காவல் காத்தது என்ன விலங்கு, வந்த எதிரி எது, கொன்றது தாயா தகப்பனா, கொன்ற பிறகு என்ன நடந்தது. பிறகு வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். தாய் தண்ணீர்க் குடத்தைக் கீரி மேல் போட்டாள் என்று சொல்வார்களா, உலக்கையால் அடித்தாள் என்று சொல்வார்களா என்று பாருங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே, சொன்ன ஊரையும் தேதியையும் சேர்த்து எழுதிவையுங்கள்.